முப்பாற்புள்ளியும் கணினியும்

தமிழ் நெடுங்கணக்கிலே மாணவர்க்கு மிகக் குறைந்த தொல்லை தரும் எழுத்து ஆய்தமாகும். அரிவரி வகுப்பிலே பன்னீருயிரையும் ஓதி முடித்த பிள்ளை ‘அஃகேனம்’ என்று ஒரு முறை இழுத்துச் சொல்லி மூன்று புள்ளிகளை இட்டுவிட்டால், பின்னர் அவ்வெழுத்தைப் பல நாள் காணாமலே இருந்துவிடலாம். அஃது, இஃது, எஃகு, பஃறுளி என ஒரு சில சொற்களிலேயே அது வாழ்கின்றது. அத்தகைய எழுத்து இந்நாளிலே அழையாத இடங்களிலெல்லாம் வந்து நிற்பதைக் காண்கின்றோம்.

நம் நாட்டுப் பாடசாலைகளின் பெயர்களுக்கு முன்னே இடப்பெயரின் குறுக்கத்தை எழுதிச் சாய்கோடு இடுதல் வழக்கம். ‘யா/’, ‘மட்/’, ‘கிளி/’ என்பன அவ்வாறு வருவன. இன்று கடிதத்தலைப்புகளிலும் அழைப்பிதழ்களிலும் இணையப் பக்கங்களிலும் இவை ‘யாஃ’ என்றும் ‘மட்ஃ’ என்றும் ‘கிளிஃ’ என்றும் நிற்பதை அன்பர்கள் கண்டிருப்பர். திகதிகளும் இதற்குத் தப்பவில்லை. 2011ஆம் ஆண்டு வைகாசி மாதம் 12ஆம் நாளைக் குறிக்க வந்தவர் ‘12ஃ05ஃ2011’ என்று குறித்திருப்பார். இஃது யார் செய்த பிழை? தட்டெழுத்தாளர் செய்ததா, இயந்திரம் செய்ததா என்று எம்மிடம் மாணவர் பலர் கேட்டதுண்டு. விடை சிறிது நீளமானது. கணினி ஓர் எழுத்தை எவ்வாறு மனங்கொள்கின்றது என்பதை அறிந்தாலன்றி விளங்காது.

இது வெறும் அழகுக்குறை என்று தள்ளத்தக்கதன்று. இம்மலரின் பொருட்டுப் பழைய மாணவர் பெயரேட்டைத் தொகுக்கப் புகுந்தபோது, வெவ்வேறு காலங்களில் வெவ்வேறு கைகளாற் தட்டெழுதப்பெற்ற பட்டியல்கள் எமக்குக் கிடைத்தன. அவற்றையெல்லாம் ஒன்றாக்கிக் கணினியிடம் கொடுத்தபோது, ஒரே பாடசாலை இரண்டு பாடசாலைகளாகப் பிரிந்து நின்றது: ஒன்று சாய்கோட்டுடன், மற்றொன்று ஆய்தத்துடன். ஒன்றைத் தேடினால் மற்றதன் கீழுள்ள பெயர்கள் வாரா. மனிதக் கண்ணுக்கு இரண்டும் ஒன்றே என்பது ஒரு நொடியில் விளங்கும். கணினிக்கோ அவை கிழக்கும் மேற்கும் போன்றவை. பெயர் உள்ளே இருந்தும் தேடுவார்க்கு இல்லாதவர் ஆகிவிடுதல் சிறிய இழப்பன்று.

முதலில் இலக்கணத்தை நோக்குவோம். தொல்காப்பியர் முப்பது எழுத்துகளை முதலாக வைத்து, அவற்றைச் சார்ந்து வரும் மூன்றினுள் ஒன்றாக ஆய்தத்தை வைத்தார். குற்றியலிகரம், குற்றியலுகரம் ஆகிய மற்றையிரண்டும் வரிவடிவால் வேறுபடாதவை. ஆய்தம் ஒன்றே தனக்கெனப் புள்ளிவடிவம் பெற்றது. முப்பாற்புள்ளி, தனிநிலை, அஃகேனம் என்பன அதன் பிற பெயர்கள். அது தனக்கு முன்னே ஒரு குற்றெழுத்தும் பின்னே ஒரு வல்லின உயிர்மெய்யும் இருந்தாலன்றி நில்லாது. எஃகு என்பதிலே எகரம் குறில்; குகரம் வல்லினத்தின் மேல் ஏறிய உயிர். அளவு அரை மாத்திரை. கல் என்பதும் தீது என்பதும் புணர்ந்து கஃறீது எனவும், முள் என்பதும் தீது என்பதும் புணர்ந்து முஃடீது எனவும் ஆகுமிடத்து அது கால் மாத்திரையாகக் குறுகும். அதன் பிறப்பிடம் தலை என்றும் அதற்குரிய முயற்சி வாய்திறத்தல் என்றும் நன்னூலார் கூறுவர். இந்த இடவரையறையை அன்பர்கள் நினைவிற் கொள்ளல் வேண்டும். பின்னர் அது நமக்கு உதவப்போகின்றது.

இனிக் கணினிக்கு வருவோம். தட்டச்சுப்பொறியிலே எழுத்து என்பது ஓர் உலோக அச்சு. யாழ்ப்பாணத்துச் சுண்டிக்குளியிற் பிறந்து மலாயா சென்று வாழ்ந்த ஆர். முத்தையா அவர்கள் தமிழுக்கு அத்தகைய பொறியை அமைத்தபோது, விசையை அழுத்தினால் எந்த வடிவம் தாளில் விழ வேண்டும் என்பதே வினாவாக இருந்தது. கணினியில் அவ்வாறன்று. அங்கே எழுத்து என்பது ஓர் எண். வடிவம் பின்னர் வருவது, வேறோரிடத்திலிருந்து வருவது. எழுத்துக்கு எண் கொடுப்பது ஒரு வேலை. அவ்வெண்ணுக்கு உருவம் கொடுப்பது மற்றொரு வேலை. உருவம் கொடுக்கும் தொகுதியையே எழுத்துரு என்கின்றோம். ஒலியெழுத்து வேறு, வரிவடிவு வேறு என்று இலக்கணகாரர் பிரித்ததை இங்கே ஒருவாறு ஒப்பிட்டுக்கொள்ளலாம்.

1963ஆம் ஆண்டு அமெரிக்காவில் வகுக்கப்பெற்ற ‘ஆஸ்கி’ என்னும் அட்டவணையில் 128 இடங்களே இருந்தன. ஆங்கில எழுத்துகளும் இலக்கங்களும் நிறுத்தக்குறிகளும் சில கட்டளைகளும் அவற்றை நிரப்பிவிட்டன. அதிலே சாய்கோட்டுக்கு உரிய எண் 47. உலக மொழிகளனைத்துக்கும் ஒரே அட்டவணை வேண்டுமென்று எழுந்த யூனிக்கோட்டு என்னும் ஒருங்குறி 1991இல் முதற் பதிப்பைக் கண்டது. அதிலே தமிழுக்கு 2944 முதல் 3071 வரை 128 இடங்கள் ஒதுக்கப்பட்டன. அவற்றுட் பல வெற்றிடங்கள். 247 எழுத்துக்கும் தனித்தனி எண் இல்லை. உயிர் 12, அகரமேறிய மெய் 18, உயிர்மெய்க் குறிகள் 11, மெய்ப்புள்ளி 1, ஆய்தம் 1 ஆக 43 எண்களைக் கொண்டே 247 எழுத்தையும் கணினி ஆக்கிக்கொள்கின்றது. ஆய்தத்தின் எண் 2947. சாய்கோட்டின் எண்ணும் ஆய்தத்தின் எண்ணும் 47 என்று முடிதல் தற்செயலே. நம் வினாவுக்கு அதில் விடை இல்லை.

அஃது என்னும் சொல்லை எழுதினால் கணினியின் நினைவிலே 2949, 2947, 2980, 3009 என்னும் நான்கு எண்கள் வரிசையாக நிற்கும். அகரம், ஆய்தம், தகரம், உகரக்குறி என்பன அவை. எமது மாணவன் அச்சொல்லில் மூன்று எழுத்து என்பான். கணினி நான்கு என்னும். கோப்பிலே சேமிக்கும்போதும் அனுப்பும்போதும் இவ்வெண்களை இன்னுஞ் சிறு துண்டுகளாக்குவர். 1992இல் கென் தொம்சன், றொப் பைக் என்னும் இருவர் வகுத்த முறையின்படி ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் மூன்று பைற்றுகள் செல்லும். ஆய்தத்துக்கு உரியவை 224, 174, 131 என்பன. முப்புள்ளிக்கு மூன்று பைற்று என்று மகிழ வேண்டா, ககரத்துக்கும் மூன்றே. இம்முறையை அறியாத ஒரு செயலி அம்மூன்றையும் தனித்தனியே மேலை ஐரோப்பிய எழுத்துகளாகப் படித்தால், தலையிற் கோடிட்ட ‘ஏ’ ஒன்றும், வட்டத்துள் அடைபட்ட ‘ஆர்’ ஒன்றும், அடியில் வளைந்த ‘எஃப்’ ஒன்றும் திரையிலே தோன்றும். ஆங்கில ‘எஃப்’ ஒலிக்காக இந்நாளில் ஆய்தத்தை வழங்குவோர்க்கு இது வேடிக்கையாக இருக்கும்.

ஆய்தத்துக்கு அட்டவணையிலே கிடைத்த இடமும் பெயரும் ஆராயத்தக்கவை. இந்திய எழுத்துகளை அடுக்கும்போது, 1988ஆம் ஆண்டின் இந்தியத் தர அட்டவணையைப் பின்பற்றினர். அதன்படி எல்லா எழுத்துமுறைகளும் ஒரே ஒழுங்கில் ஒன்றுக்கொன்று நேராக நிற்கும். தேவநாகரிக் ககரத்தின் எண் 2325. அதனோடு 640ஐக் கூட்டினால் தமிழ்க் ககரத்தின் எண்ணாகிய 2965 வரும். தேவநாகரியில் விசர்க்கத்தின் எண் 2307. அதனோடு 640ஐக் கூட்டினால் 2947. ஆம், ஆய்தம் விசர்க்கத்தின் நாற்காலியிலே இருத்தப்பட்டது! பெயரும் ‘தமிழ் விசர்க்கக்குறி’ என்னும் பொருளுடைய ஆங்கிலப் பெயரே. ஆய்தம் என்பது அருகிலே ஒரு குறிப்பாக மட்டும் இடம்பெறுகின்றது. ஒரு முறை இட்ட பெயரை மாற்றுவதில்லை என்பது அவ்வமைப்பின் விதி. செயலிகள் அப்பெயர்களை நம்பியிருத்தலே காரணம். ழகரத்துக்கு மூன்று ‘எல்’ சேர்த்து ஒரு பெயர் வைத்தவர்களிடம் இதற்குமேல் எதிர்பார்த்தல் ஆகாது என்று எம்முள் ஒருவர் சொல்வதுண்டு.

பெயரில் என்ன இருக்கின்றது என்று கேட்கலாம். வடமொழி விசர்க்கம் ஓர் எழுத்தின் பின்னே ஒட்டி நிற்பது, தனித்து நில்லாது. ஆகவே பெயரை நம்பி ஆய்தத்தையும் ஒட்டுக்குறி என்று கொள்ளும் செயலி, அது சொல்லின் முதலில் வந்தால் ‘இதனைத் தாங்கும் எழுத்து எங்கே?’ என்று தேடும். காணாவிட்டால், புள்ளிகளாலாகிய வெறும் வட்டம் ஒன்றை வரைந்து அதனோடு ஆய்தத்தை ஒட்டும். ஒருங்குறியின் இன்றைய அட்டவணையில் ஆய்தம் தனியெழுத்து என்னும் வகுப்பிலேயே வைக்கப்பட்டிருக்கின்றது. பிற எழுத்துகளின் விசர்க்கத்தோடு அதற்கு வரலாற்றுத் தொடர்பு உண்டெனினும் தமிழில் அது சாதாரண எழுத்தே என்று அதன் விளக்கநூலும் சொல்கின்றது. தனிநிலை என்று நம் முன்னோர் இட்ட பெயர் இங்கே வென்றது என்க.

தனியெழுத்தாகையால் அதனைத் திரையிற் காட்டுதல் எளிது. கெ என்பதை எழுதும்போது நினைவிலே ககரம் முன்னும் கொம்பு பின்னும் நிற்கும். காட்டும்போது கொம்பை முன்னே கொணர்தல் வேண்டும். கொ என்பதிலோ ஒரே குறி இரண்டாகப் பிளந்து இருபுறமும் நிற்கும். ஆய்தத்துக்கு இத்தகைய ஆட்டம் ஒன்றுமில்லை. ஃபெ என்று எழுதுமிடத்தே சிறிது கவனம் வேண்டும். நினைவில் ஆய்தம், பகரம், கொம்பு என நிற்பதைத் திரையில் ஆய்தம், கொம்பு, பகரம் எனக் காட்டல் வேண்டும். கொம்பு பகரத்தையே தாண்டலாம், ஆய்தத்தைத் தாண்டலாகாது. ஆய்தம் தனித்து நிற்கும் எழுத்து என்பதைச் செயலி அறிந்திருந்தால் இது தானே நிகழும்.

இந்த ஃபகர வழக்கை யாம் விரும்புவாரல்லேம். கோப்பி என்று எழுதி நம் பாட்டன்மார் குடித்த பானம் சுவை குறைந்ததன்று. ஆயினும் வழக்கு வந்துவிட்டது. அதற்குக் கணினி காட்டும் முகத்தையும் சொல்லுதல் வேண்டும். எழுதுவோர் ‘ஃப’ என்பதை ஓரெழுத்தாகக் கருத, கணினி அதனை ஈரெழுத்தாகவே எண்ணுகின்றது. அழிப்பதற்கு இரு முறை விசையை அழுத்தல் வேண்டும். குறுக்கெழுத்துப் போட்டியிலே இரு கட்டங்களை அது பிடித்துக்கொள்ளும். மேலிருந்து கீழாக எழுதும் பெயர்ப்பலகையில் ஆய்தம் ஒரு படியிலும் பகரம் அடுத்த படியிலும் விழும்.

அகரவரிசையிலும் ஒரு சிக்கல் உண்டு. எண் வரிசையில் ஆய்தம் அகரத்துக்கும் முன்னே நிற்கின்றது. நம் நெடுங்கணக்கிலோ ஔகாரத்துக்குப் பின்னே, ககரத்துக்கு முன்னே. எண்ணை மட்டும் நோக்கி அடுக்கினால் ஆய்தத்தில் தொடங்கும் பிறமொழிப் பெயர்கள் அனைத்தும் ஏட்டின் தலைப்பிலே ஏறிவிடும். சொல்லின் நடுவில் வரும் ஆய்தத்துக்கு இதனால் தீங்கில்லை. அஃகம் என்பது அகம் என்பதற்கு முன்னே வருதல் எவ்வாறாயினும் முறைதான். உண்மையில் ஆய்தத்தினும் மிகுதியாக அல்லற்படுவது னகரம். அது 2985, பகரம் 2986. நெடுங்கணக்கின் இறுதியெழுத்து பகரத்துக்கு முன்னே வந்துவிடுகின்றது. இவ்வகைக் குறைகளுக்காகவே அடுக்குமுறைக்கென வேறு அட்டவணை உண்டு. நல்ல செயலிகள் எண்ணை நோக்காது அதனையே நோக்கும். பெயரேடு தொகுப்போர் தம் செயலி எதனை நோக்குகின்றது என்று முதலிலேயே பார்த்துக்கொள்ளுதல் நலம்.

இனி ‘யாஃ’ பிறந்த கதை. ஒருங்குறி பரவுமுன்னர், 1990களிலும் அதற்குப் பின்னரும், இலங்கைத் தமிழ் அச்சகங்களிலும் அலுவலகங்களிலும் பெரிதும் வழங்கியது பாமினி என்னும் எழுத்துரு. அது தமிழுக்கெனப் புதிய எண்களைத் தேடவில்லை. ஆங்கில எழுத்துகளின் எண்களையே வைத்துக்கொண்டு, அவற்றின் உருவத்தை மட்டும் தமிழாக்கியது. தமிழ் என்னும் சொல்லைப் பாமினியில் எழுதினால், கணினி நினைவில் வைப்பது ‘ஜே, கே, பி, ஓ’ என்னும் நான்கு ஆங்கில எழுத்தும் ஓர் அரைப்புள்ளியும். எழுத்துரு உள்ள கணினியில் அது தமிழாகத் தோன்றும். இல்லாத கணினியிலே பொருளற்ற ஆங்கிலமாகக் கிடக்கும். கூத்திலே அரசனும் ஆண்டியும் உடையினாலேயே வேறுபடுதல் போல, இங்கே எழுத்தை எழுத்தாக்கியது உடை ஒன்றே. அக்காலத்துக்கு அது பேருதவி என்பதை மறுத்தல் நன்றியன்று. ஆங்கிலத்துக்கென வந்த கணினியில் வேறொன்றும் மாற்றாது தமிழை அச்சிட அஃது ஒன்றே வழியாக இருந்தது.

பாமினியில் ஆய்தத்துக்குக் கிடைத்த விசை சாய்கோட்டினுடையது. அதாவது 47 என்னும் எண்ணே அங்கு ஆய்தத்தின் உருவத்தோடு தோன்றும். உண்மையான சாய்கோடு வேண்டுவோர் அவ்வொரு குறிக்கு மட்டும் ஆங்கில எழுத்துருவை மாற்றியிட்டுப் பின் பாமினிக்கு மீளல் வேண்டும். கவனமுள்ள தட்டெழுத்தாளர் அவ்வாறே செய்தனர். அவசரத்தில் இருந்தோர் விடுத்தனர். அவர்கள் தாளிலேயே ‘யாஃ’ பதிந்துவிட்டது. கவனமாகச் செய்தோரின் கோப்புக்கும் பின்னர் அதே கதி நேர்ந்தது என்பதுதான் வருந்தத்தக்கது. ஒருங்குறிக்கு மாற்றும் செயலிகளில், எழுத்துருவின் பெயரை நோக்காது எண்களை மட்டும் எடுத்துக்கொள்வன பல. அவை 47ஐக் கண்டவிடமெல்லாம் 2947 என்று மாற்றும். எந்த 47 ஆங்கில உடையில் இருந்தது, எது தமிழ் உடையில் இருந்தது என்னும் செய்தி எழுத்துருவின் பெயரிலே மட்டும் இருந்தது. அதைக் களைந்தபின் வேறுபாடு அறிய வழியில்லை. இலக்கங்கள் பாமினியிலும் இலக்கங்களாகவே இருந்தமையால் திகதியின் எண்கள் தப்பின. இடையிலிருந்த கோடுகள் மட்டும் முப்புள்ளியாயின.

ஒருங்குறியில் இவ்வகைக் குழப்பத்துக்கு இடமில்லை. 47 என்றும் சாய்கோடே. 2947 என்றும் ஆய்தமே. உடை மாறினும் ஆள் மாறார். இலங்கைத் தர நிர்ணய நிறுவனமும் 2008இல் தமிழுக்கான தன் நியமத்தை ஒருங்குறியைத் தழுவியே வெளியிட்டது. ஆயினும் உருவ ஒற்றுமையால் ஏமாறுதல் முற்றும் ஒழிந்தபாடில்லை. கேத்திரகணித ஆசிரியர் ‘ஆகவே’ என்பதற்கு இடும் மூன்று புள்ளிக்கு எண் 8756. கண்ணுக்கு அது ஆய்தமே. அவசரத்துக்கு ஒன்றின் இடத்தில் மற்றதை இடுவோர் பின்னர் தேடும்போது துன்புறுவர்.

பழுதான பட்டியல்களைத் திருத்துவது எங்ஙனம்? இங்கேதான் தொல்காப்பியர் கைகொடுக்கின்றார். ஆய்தத்தின் முன் குற்றெழுத்தும் பின் வல்லின உயிர்மெய்யும் இருத்தல் வேண்டும் என்னும் வரையறையைக் கணினிக்குக் கட்டளையாகக் கொடுக்கலாம். ‘யாஃ’ என்பதில் முன்னிற்பது நெடில். ஆகவே அது ஆய்தமாகாது. ‘மட்ஃ’ என்பதில் முன்னிற்பது புள்ளிபெற்ற மெய், அதுவும் ஆகாது. ‘கிளிஃ’ என்பதில் முன்னே குறில் இருப்பினும், பின்னே உயிரோ மெல்லினமோ இடையினமோ தொடங்கினால் ஆகாது. இருபுறமும் இலக்கம் நிற்பின் சொல்ல வேண்டுவதே இல்லை. எம்மோடு பணிபுரியும் இளம் ஆசிரியர் ஒருவர் இவ்வரையறையைச் சில வரிகளிலே செயலியாக எழுதித் தந்தார். அஃது, எஃகு என்பன தீண்டப்படாமல் நிற்க, வேண்டாத முப்புள்ளிகளிற் பெரும்பாலானவை ஒரே மூச்சிற் சாய்கோடாயின. இலக்கணம் பரீட்சைக்கு மட்டும் உரியதென்று எண்ணியிருந்த மாணவர் சிலர் இதனை வியந்து நோக்கினர்.

பெரும்பாலானவை என்றோம், எல்லாம் என்றிலம். வவுனியாவின் குறுக்கம் ‘வ/’ என்பது. அதன்பின் ககரத்திலோ சகரத்திலோ தொடங்கும் பாடசாலைப் பெயர் வந்தால், முன்னே குறில், பின்னே வல்லினம், விதி ஏமாந்துபோகின்றது. கிளிநொச்சிக்கும் அவ்வாறே. சோஃபா முதலிய பிறமொழிச் சொற்களைக் காத்தற்பொருட்டுப் பகரத்துக்கு விலக்கு அளித்தோமாயின், ‘யா’ என்பதன் பின் பகரத்தில் தொடங்கும் பெயர்கள் அவ்விலக்கினுட் புகுந்துகொள்ளும். இவற்றை மனிதக் கண்ணே பார்த்துத் தீர்த்தல் வேண்டும். பெயரேட்டில் அத்தகைய வரிகளுக்குச் செயலி ஓர் உடுக்குறி இடுகின்றது. மாலை வேளைகளில் இருவர் அமர்ந்து, ஒருவர் வாசிக்க மற்றவர் திருத்த, அவ்வரிகளைச் சரிபார்த்து வருகின்றோம்.

சங்கத்தின் பழைய மலர்களையும் அறிக்கைகளையும் பாமினிக் கோப்புகளாக இன்னும் வைத்திருக்கும் அன்பர்கள், அவற்றைத் தாமே ஒருங்குறிக்கு மாற்ற முற்படாது, இருந்த நிலையிலேயே எம்மிடம் சேர்ப்பிப்பாராக. மாற்றாத கோப்பில் எந்தக் குறி எந்த எழுத்துருவில் இருந்தது என்னும் செய்தி உள்ளது. அதனைக் கொண்டு கண்ணால் தேட வேண்டிய வரிகள் பெரிதும் குறையும். எழுத்துருக் கோப்பும் கைவசம் இருப்பின் அதனையும் சேர்த்து அனுப்புதல் நன்று.